யன்னலுக்கு வெளிப்பக்கம்

பத்தடிக்கு எட்டடி. யன்னல் ஒன்று.
யன்னலுக்கு நேரே, கை நீட்டினால் தொடலாம் போல,
தொங்கு ரயில்.
ஃபோவிங்கலில் வீடு பார்க்க வந்த அன்று
தரகர் இதைச் சொல்லவில்லை.
கதைத்துக்கொண்டு நிற்கையில்
அதுவே வந்து சொல்லிவிட்டுப் போனது.

வெள்ளையாகத் தந்த சுவரை
வெள்ளையாகவே திருப்பித் தரவேண்டும்:
ஒப்பந்தத்தில் பதினான்காம் விதி.
ஆணி அடிக்கலாம், ஓட்டைகள் எண்ணப்படும்.
நான் கடை கடையாக ஏறி இறங்கினேன்.
முகில் மாதிரி ஒரு விளக்கு.
இருட்டில் ஒளிரும் நட்சத்திரம், பாக்கெட்டுக்கு ஐம்பது.
மேலே கட்டில், கீழே மேசை,
படிக்குள் இழுப்பறை ஒளித்த ஏணி.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
நட்சத்திரத்தை வாங்கி, ஏணியைப் படம் எடுத்தேன்.

படத்தைப் பார்த்து இவர் செய்த ஏணி
மேல்மாடிக்காரர் எறிந்த அலுமாரியின் பலகை.
ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட உயரம்.
ஆரபி அதற்கு
'ஐயோ' என்று பெயர் வைத்தாள்.

ஒன்பது வயது அவளுக்கு. தம்பி கவிலனுக்கு ஆறு.
அறைக்குள் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன்.
"குப்பை லொறியின் நிறம்" என்றான் அவன்.
அவள் பதில் சொல்லாமல் வெளியே பார்த்தாள்.
ரயிலில் தொப்பி போட்ட ஒருவர்
வாழைப்பழம் உரித்தபடி
எங்கள் கட்டிலைப் பார்த்தார்,
காயாத காலுறைகளைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
போய்விட்டார்.

தடித்த திரைச்சீலை வாங்கி மாட்டினேன்.
அடுத்த நாள் பின்னேரம்
அது கவிலனின் கூடாரமாக மேசைக்கடியில் கிடந்தது.
"பார்க்கட்டும் அம்மா" என்றாள் ஆரபி.
"ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சுவரைத்தானே பார்க்கினம்.
அலுத்திருக்கும்."

அன்றோடு அறை மறுபக்கம் திரும்பிவிட்டது.
படங்கள் எல்லாம் கண்ணாடியில்,
முகம் ஊருக்கு, முதுகு எங்களுக்கு.
உள்ளே இருந்து நாங்கள் பார்த்தது
ஒட்டுநாடாவையும்
கணக்குக் கொப்பியின் சிவப்புத் திருத்தங்களையும்தான்.
அலுமாரிக்கு மேலே பொம்மைகள்
விமான நிலையத்தில் மாலையோடு காத்திருக்கும்
அமைச்சர்கள் போல வரிசையில்.
தலைமாட்டை மேற்கே மாற்றினாள்:
ஓபர்பார்மன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு
முதலில் கால், பிறகுதான் தலை தெரியவேண்டுமாம்.
மேற்கே தலை வைக்கலாமோ என்று இவர் இழுத்தார்.
"ரயில் அப்பிடித்தானே வருது அப்பா."

நட்சத்திரங்களும் கூரைக்குப் போகவில்லை.
யன்னல் விளிம்பில் ஒட்டினார்கள்,
விடியாமல் வேலைக்குப் போகிறவர்களுக்காக.
கவிலன் தினம் ஓர் எண் எழுதி ஒட்டுவான்,
நேற்றையதைவிட ஒன்று கூட.
எதை எண்ணுகிறாய் என்றால்,
"அவைக்குத் தெரியும்" என்பான்.

விடியாமல் போகிறவர்களில் நானும் ஒருத்தி.
பார்மனில் ஆஸ்பத்திரிச் சமையலறை.
எப்போதும் மற்றப் பக்க இருக்கையில்
கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன்.
கார்த்திகையில் ஒரு செவ்வாய்
அந்தப் பக்கம் இடம் இல்லை.

இரண்டு விநாடி இருக்கும்.
எங்கள் யன்னல் வந்தது.
பச்சையாய்க் கசியும் நட்சத்திரங்கள்,
போர்வைக்கு வெளியே ஒரு சின்னக் கால்,
சரியாக, கால்தான் முதலில்.
எனக்கு எதிரே நீல மேலங்கிக்காரர்
நித்திரை கலையாமலே ஒற்றைக் கண்ணைத் திறந்து
"இருநூற்றுப் பன்னிரண்டு" என்றார் ஜெர்மனில்,
சரிபார்த்த திருப்தியோடு
மறுபடி மூடிக்கொண்டார்.

அந்த யன்னல் யாருடையது என்று
நான் சொல்லியிருக்கலாம்.
ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில்
மேசை விளக்கைத் தாளுக்குப் பின்னால் பிடித்தபடி
தலை வாராத ஆரபி நின்றாள்.
தாளில், ரயில் முழுவதிலும்
என்னால் மட்டும் வாசிக்கக்கூடிய எழுத்தில்:

அம்மா, குடை.

ப்ரூக் நிலையத்தில் கதவு திறந்தது.
எல்லோருடைய குடைகளிலும்
மழை ஏறி வந்தது.