ஆளில்லா வாகனம்

நசீமா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மேலே வந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
மொத்தம் எவ்வளவுக்குப் போடலாம்?

தருமபுரி நான்கு ரோட்டில், சைக்கிள் கடைக்கு மேல்,
பன்னிரண்டுக்குப் பத்து அடி ஸ்டுடியோ.
பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன்.
கேமரா இரண்டு. ஒன்றுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.
நீள லென்ஸ், குட்டை லென்ஸ்,
பாலக்கோட்டு வளைகாப்பில் சந்தனக் கிண்ணத்தில் விழுந்து
இன்னும் மணக்கிற லென்ஸ்.
கிம்பல். விளக்குகள்.
ட்ரோனை எடுத்ததும் கை நீட்டித் தடுத்தாள்:
பறக்கிறதுக்குத் தனிப் பாலிசி.

ஐந்து லட்சத்து எண்பதாயிரம் என்று எழுதினாள்.
என்னை இப்படிக் கூட்டி
யாரும் எனக்குக் காட்டியதில்லை.
கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

வரியோடு பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.
ஒரு காதுகுத்துக்கு நான் வாங்குவது.
ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை,
அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ளேன் என்றேன்.
கேமரா தூங்கினாலும்
திருடன் முழிச்சிருப்பானேக்கா, என்றாள்.

போன பங்குனியில் பென்னாகரம் மண்டபத்தில்
என் விளக்கு வயர் தடுக்கி
மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மணிக்கட்டு போனது.
மாவுக்கட்டுக்கு, ஆட்டோவுக்கு, அவர் கோபத்துக்கு என்று
பதினெட்டாயிரம் ரொக்கம்.
எனக்கு வரவேண்டிய மீதியும் வரவில்லை.
ஆல்பத்தை மட்டும் மறக்காமல் வாங்கிப்போனார்கள்.
அவர் மூன்றாம் நபர், என்றாள் நசீமா.
அவருக்கு ஒரு கட்டமே இருந்தது.
டிக் போட்டேன்.

பூஞ்சைக்கு?
ஐப்பசி அடைமழையில் லென்ஸுக்குள்
வெள்ளை வேர் விடுகிறதே, அதற்கு?

இல்லை. மெதுவா வர்றதெல்லாம் விபத்து ஆகாது.
சட்டுன்னு நடக்கணும்.
தேதி, நேரம் சொல்ல முடியணும்.

என் முதுகை நினைத்துப் பார்த்தேன்.
ஃபோனிலேயே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்ட
இந்த ஊரையும்.
தேதி சொல்ல முடியவில்லை.

கடைசிப் பக்கம், பொடி எழுத்தில்:
ஆளில்லா வாகனத்திலிருந்து களவு போனால்
இழப்பீடு கிடையாது.

அந்தக் கவலை இல்லை. எங்கள் ஆம்னியில் ஆள் உண்டு.
சேலத்தில் ரிசப்ஷன், விடிந்தால் காரிமங்கலத்தில் முகூர்த்தம்.
இரவு ஒன்றரைக்குத் தொப்பூர் கணவாய் ஏறுவோம்,
எதிர்ச்சரிவில் கவிழ்ந்த லாரியிலிருந்து
வெங்காயம் உருண்டுகொண்டிருக்கும்.
மண்டபம் வந்ததும் பெண்வீட்டு அறையில் ஒரு மூலையில் நான் சாய்வேன்.
வேடியப்பன் வண்டியிலேயே.
லென்ஸ் பைமேல் தலை, ட்ரைபாடுமேல் கால்,
கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றுவான்,
புழுக்கத்துக்கு இறக்குவான்,
இப்படியே நாலு மணி ஆகிவிடும்.

அவன் அப்போது ஸ்டூலில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தான்.
தலை நிமிராமல் கேட்டான்:
நான் தூங்கிட்டா
ஆள் இருக்கிற கணக்கா, இல்லாத கணக்கா?

நசீமா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

பிறகு நானே கேட்டேன், இவனுக்கு எவ்வளவு ஆகும்?
ஐந்து லட்சத்துக்கு, வருஷம் அறுநூற்றுச் சொச்சம்.
ஒரு மெமரி கார்டு விலைகூட இல்லை.
ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறான்,
மெமரி கார்டு எத்தனை வாங்கியிருப்பேன்.

பிறந்த தேதி? ஆதாரில் ஜனவரி ஒன்று.
அது பள்ளிக்கூடத்து வாத்தியார் வெச்சது, என்றான்.
வாரிசு?
சுற்றுவதை நிறுத்தினான். யோசித்தான்.
பூவரசி.
நாங்கள் இருவரும் கேட்டிராத பேர்.
உறவு? என்றாள் நசீமா.
இனிமேதான்.

உறவுக் கட்டத்தை அப்படி நிரப்ப முடியாதாம்.
சிரித்துக்கொண்டே அவன் அம்மா பேரை எழுதினோம்,
கையெழுத்துப் போட்டேன், பணம் கட்டினேன்,
ரசீது வாங்கி கல்லாவில் வைத்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
அவன் கல்யாணத்தை நான்தான் எடுப்பேன், காசு வாங்க மாட்டேன்,
அதெல்லாம் சரி.
அன்றைக்கு
வண்டியில் யார் படுப்பது?