ஏழு இரவுகள் குறைகின்றன

வூப்பர்டாலில் றெயின் தொங்கிக்கொண்டு ஓடும்.
தண்டவாளம் மேலே, பெட்டி கீழே,
அதற்கும் கீழே ஆறு.
இப்படியொரு ஊரில் இருந்துகொண்டு
மாயக்கதை எழுதுவதில் என்ன புதினம் என்று
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.
காசு வருமா என்று கேட்டார்கள்.

பகலில் நான் பல் செய்கிறேன்.
ஓபர்பார்மனில், ஒரு பின்கட்டிடத்தின் மூன்றாம் மாடியில்,
முகம் தெரியாத வாய்களுக்கு.
பல்லுக்குப் போடும் உறைக்கு
டொச்சில் கிரீடம் என்று பெயர்.
நாளுக்குப் பன்னிரண்டு கிரீடங்களைத்
தேய்த்து மினுக்கி வைத்துவிட்டு
அரசனே இல்லாத ஒரு நாட்டை எழுதினேன்.
ஆறு வருடம்.

பாதி, தொங்கு றெயினில்.
வளைவு வரும்போது எழுத்தும் சாயும்.
ஒரு தளபதி செத்தது
சாரதி திடீரென்று பிறேக் போட்டதால்தான்;
பேனா இழுபட்டு அவன் பெயரை வெட்டிவிட்டது.
திரும்ப எழுப்ப மனம் வரவில்லை.

சென்னையில் இருந்து பதிப்பாளர் பேசினார்.
நல்லாருக்கும்மா.
முப்பத்திரண்டு பக்கம் கூடுதலா இருக்கு.
பேப்பர் விலை தெரியுமில்ல?
எதை வெட்டுவது?
படகில் போகும் ஏழு இரவுகள் இருந்தன.
இரண்டு பேர், ஒரு துடுப்பு, ஒரு பானைச் சோறு.
அவ்வளவுதான்.
வெட்டினேன்.
தையல் தெரியவே இல்ல, என்றார்.
நானும் நம்பினேன்.

அட்டையில் டிராகன் வந்தது.
என் நாட்டில் டிராகன் கிடையாது.
மாயக்கதைன்னா ஒண்ணு வேணும்மா,
வாங்குறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?
அது வாயை ஆவென்று திறந்திருந்தது.
மேல்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை.
எதை வைத்து மெல்லும், பாவம்.

இருநூறு பிரதிகள் சுங்கத்தில் நின்றன.
என்ன இது?
நாவல்.
எதைப் பற்றி?
இல்லாத ஓர் ஊரைப் பற்றி.
அதிகாரி படிவத்தைத் தள்ளினார்.
பெறுமதி என்ற கட்டத்துக்கு வந்து
என் பேனா நின்றது.

எல்பர்ஃபெல்டில் ஒரு மண்டபம் எடுத்தோம்.
நாற்பது கதிரை, நூறு வடை.
பேசியவர் சொன்னார்:
எரிகிற அந்தப் பாலம் எந்தப் பாலம் என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
சபை தலையாட்டியது.
அது வெறும் பாலம், என்றேன்.
அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.
வீட்டுக்குப் போகும் வழியில்
அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.
வெறும் பாலம்தான்.
பிறகு இன்னொரு தரமும் பார்த்தேன்.

அறுபத்தொரு பிரதி விற்றது.
மிச்சம் கட்டிலுக்குக் கீழே.
இரவில் புரண்டால்
நூற்று முப்பத்தொன்பது டிராகன்கள் முதுகுக்குக் கீழே
பல்லில்லாமல் படுத்திருக்கும்.

பிறகு ஹாகனில் இருந்து ஒரு கடிதம்.
சதுரக்கோட்டுத் தாள், பச்சைப் பேனா.

அக்கா, நான் பஸ் ஓட்டுகிறேன்.
கடைசித் தரிப்பில் பதினொரு நிமிடம் ஓய்வு.
உங்கள் புத்தகத்தை அங்கேதான் வாசித்து முடித்தேன்.
சின்ன நிலா ஒன்பது இரவுக்கு ஒருக்கால் வரும்,
பெரிய நிலா பதினான்குக்கு ஒருக்கால்,
நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.
இரண்டும் சேர்ந்து எழும்ப நூற்றிருபத்தாறு இரவு வேண்டும்.
பதினேழாம் அத்தியாயத்தில் எழும்புகின்றன.
விரல் விட்டு எண்ணினேன், நூற்றுப் பத்தொன்பதுதான் வருகிறது.
நேர அட்டவணை பிழைத்தால் எனக்கு நித்திரை வராது.
அவர்கள் இருவரும்
அந்த ஏழு இரவும் எங்கே இருந்தார்கள்?
இப்படிக்கு, கேதாரகௌரி.

வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்
கதிரையில் இருந்து அதை நாலு தரம் வாசித்தேன்.
சட்டைக் கையில் பல்லுத் தூள்.
ஆறு வருடம் நான் தனியாகப் போய் வந்த நாட்டில்
யாரோ ஒருத்தி
இரவுகளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் தபாலகத்தில்
பெண் உறையை நிறுவையில் வைத்தாள்.
உள்ளே என்ன?
படகு, என்றேன்.
ஒரு யூரோ எண்பது, என்றாள்.