மீதி ரெண்டு கம்பி

உறையிலிருந்து எடுத்ததும்
கொருக்குப்பேட்டையில் எல்லோரும் எண்ணினார்கள்.
"நாலுதான் இருக்கு.
மீதி ரெண்டு கம்பி சேட்டு கடையிலயா?"

பெரம்பூர் லோகோவில் ஃபிட்டராக இருந்த டட்லி
பெர்த்துக்குப் போகுமுன் விற்றது.
பாதி ரொக்கம்.
பாதிக்கு அவன் நாயை நான் வைத்துக்கொள்வதாகப் பேச்சு.
வாசித்தால் அது ஆம்ப் முன்னால் வந்து
வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுக்கும்.

காசிமேட்டில் ஐஸ் ஆலைக்குப் பின்னால் ஒத்திகை.
ஆலையின் மோட்டார் 'ஈ'க்குக் கொஞ்சம் மேலே முனகும்.
அதற்கு நான் சுருதி சேர்த்தேன்,
எனக்கு சிரில், சிரிலுக்கு ஜமால் தொண்டை.
வெளி மேடைகளில்
ஊரே தப்பாக வாசித்தது.

முதல் போஸ்டரில் நானும் இருந்தேன்.
இரண்டாம் நாள் என் பக்கத்தின் மேல்
யாருக்கோ கண்ணீர் அஞ்சலி.

பாட்டைப் பதிந்து
அம்மாவுக்கு போனில் போட்டுக் காட்டினேன்.
அந்த ஸ்பீக்கருக்குக் கீழ்ச்சத்தம் எட்டாது.
கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"எல்லாரும் நல்லா வாசிச்சிருக்காங்க.
நீ அன்னிக்கு லீவா?"

ஒருமுறை, ராயபுரத்தில்,
பாட்டு நடுவே ஆம்ப் செத்தது.
விரல்களை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டிருந்தேன்.
கூட்டம் ஆடிக்கொண்டேதான் இருந்தது.
எத்திராஜின் டிரம் மட்டும் நொண்டத் தொடங்கியது.
ஜமால் பாடியபடியே
காலுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்தான்,
பிறகு என்னை.
பதினோரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த கைத்தட்டல்
அதுதான்.

சிரில் பெங்களூர் போனான்.
எத்திராஜ் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட்.
கல்யாணக் கச்சேரிகளுக்குக் கொஞ்ச நாள் போனேன்;
கீபோர்டுக்காரரின் இடது கை
என் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.
இப்போது துறைமுகத்தில்
கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிறேன்.
விரல் நுனியில் காய்ப்பு உரிந்துவிட்டது.
வருகைப்பதிவு மெஷின் இப்போதுதான்
என் ரேகையை ஒப்புக்கொள்கிறது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் கேட் மூடியிருக்கும்.
எண்ணெய் டேங்கர் கூட்ஸ், ஐம்பது வேகன்,
அவசரமே இல்லாமல் போகும்.
முன்னால் நிற்பவரின் டிபன் கேரியர் நடுங்கும்,
ஹெல்மெட்டுக்குள் என் பல் நடுங்கும்.
யாரும் அதைச் சத்தம் என்று சொல்வதில்லை.
கிளட்சின் மேல் இடது கை
தானாக விரல் மாற்றிக்கொள்கிறது,
ஒன்று, மூன்று, ஒன்று, நான்கு.

பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.
மோட்டாருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது அது.
கேட் திறந்தபாடில்லை.