எரியாத விளக்கு

சாவியைப் பாதி திருப்பினால்
எல்லா விளக்கும் எரிய வேண்டும்,
இஞ்சின் உறுமியதும் அணைய வேண்டும்.
வேனோடு வந்த மலாய்ப் புத்தகத்தில்,
எண்ணெய்க் கறை படிந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தில்
அப்படித்தான் போட்டிருக்கிறது.

காலை ஐந்தே முக்கால்.
கோலக்கெட்டிலில் இன்னும் கோழியும் நானும்தான்.
செம்பனை வரிசைக்குள் இருட்டு
பிழியாத துணிபோல் தொங்குகிறது.
பதினோரு பிள்ளைகள், மூன்று டிவிஷன், ஒரு தமிழ்ப்பள்ளி.

கெண்டி மாதிரி ஒன்று, மூக்கில் ஒரு சொட்டோடு.
எண்ணெய். சிவப்பு.
ஓடும்போது அது எரிந்தால்
பள்ளி மணியாவது மண்ணாவது,
ஓரங்கட்டி இஞ்சினை அணை.
ஊர்ப் பேரிலேயே கெட்டில் இருக்கு,
வண்டியில இருந்தா என்ன என்பாள்
லிஷாலினி, நான்காம் ஆண்டு, வாயாடி.
கூட்டலும் கழித்தலும் போட்ட பெட்டி பேட்டரிக்கு.
வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, பிரேக்.
அலைமேல் நிற்கும் வெப்பமானி, தண்ணீர்ச் சூடு.
அதன் மூடியைக் கொதிக்கக் கொதிக்கத் திறந்து
முழங்கைத் தோலைக் கொடுத்தவர்கள்
இந்த ஊரில் மூன்று பேர்.
ஒருத்தி நான்.

ஒரு திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தேன்.
ஆறு எரிந்தன.
புத்தகத்தில் ஏழு.

"ஒரு லைட்டும் எரியாது அண்ணி,
மாரியாத்தா சத்தியமா" என்றுதான்
கொழுந்தன் நாகேந்திரன் விற்றான்
ஒன்பதாயிரம் வெள்ளிக்கு,
என் சேமநிதிப் பணத்துக்கு.

போமன் கோக் வாய்
முகப்புத் தட்டைக் கழற்றி
டார்ச்சைப் பல்லில் கடித்தபடியே சிரித்தான்.
விரல்நகம் அளவு கறுப்பு டேப்.
அதன் பின்னால், பத்திரமாக,
இஞ்சின் படம்.

சத்தியம் பொய்யில்லை.
எரியவில்லைதானே.

"சென்சர். நானூத்தி இருபது வெள்ளி.
ஆரஞ்சுதான் அக்கா, மெதுவா ஓட்டலாம்,
ரொம்ப நாள் விடாதே.
சிவப்புன்னா ஓட்டாதே, போன் பண்ணு."

எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துடைத்து
மறுபடி விட்டுப் பார்க்க
இப்போது எனக்கு யாரும் வேண்டாம்.
கண்ணாடி ஸ்டிக்கரில் அடுத்த ஐயாயிரத்தை
நானே எழுதுகிறேன்.
ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது.
டயர்ப் பள்ளத்தில் இருபது காசைச் செருகினால்
காசு முங்க வேண்டும்.
முங்காவிட்டால் நான் முங்க வேண்டும், கடனில்.

டேப்பை எறியவில்லை.
பெட்ரோல் ரசீதுகளுக்கு நடுவே
இன்னும் பசையோடு இருக்கிறது.
தீபாவளிக்கு வருவான்.
முறுக்குத் தட்டின் விளிம்பில் ஒட்டி
நீட்டலாமா என்றொரு யோசனை.
முடிவு பண்ணவில்லை.

சம்பளம் வரும்வரை அது எரியட்டும்.
ஆற்றுப் பாலம் ஏறுகையில்
பின் சீட்டிலிருந்து லிஷாலினி,
"ஆன்ட்டி, புதுசா ஒண்ணு எரியுதே,
வண்டி கெட்டுப்போச்சா?"

கியரை ஒன்று குறைத்தேன்.
"லைட்டுதான் கெட்டிருந்துச்சு.
இப்ப சரியாச்சு."