செலுத்தியவர்

"பழசாத் தெரியணும் சார், அழுக்காத் தெரியக் கூடாது"
என்று சொல்லிவிட்டுப் போனார் தரகர் ஆரோக்கியம்.
நான்கு நாளாக
அந்த இரண்டுக்கும் நடுவில்
துடைப்பத்தோடு நிற்கிறேன்.

பள்ளத்தூர் வீடு. பங்காளிகள் பதினேழு பேர்.
என் பங்கு நாற்பத்தெட்டில் ஒன்று.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
மாடிப்படியில் கீழிருந்து மூன்று படி,
கூடவே ஒரு வௌவால்.
மற்றவர்கள் ஈப்போ, மெல்பர்ன், கோயம்புத்தூர்.
வேலை போய்க் கையில் நேரத்தோடு இருப்பவன்
நான் ஒருவன்தான்.

ஆத்தங்குடித் தரைக்குத் தேங்காய் எண்ணெய்.
தேக்குத் தூணுக்கு ஆளிவிதை எண்ணெய்.
வளவில் ஒழுகும் இடத்துக்கு?
"அதை அடைக்காதீங்க. கீழே ஒரு பித்தளை அண்டா வையுங்க,
போட்டோவுல நல்லா விழும்."
வைத்தேன். மழை வரவில்லை.
இரண்டு குடம் நானே ஊற்றினேன்.

குழுவில் தினமும் செய்தி.
நிலைக்கதவைத் தனியாக விற்றால் கூடக் கிடைக்குமா?
சாமி படங்களை இறக்கிவிடு, வாங்குகிறவர் எந்தச் சாமியோ.
ஐயா படம் இருக்கட்டும்,
ஓட்டல்காரர்களுக்குப் பிடிக்கும் அந்த மீசை.

பிறகு காகிதங்கள்:
பட்டா, வில்லங்கம், வாரிசுச் சான்று, வீட்டு வரி.
வரி முப்பது வருஷப் பாக்கி இருக்கும் என்று பயந்து
கடன் வாங்கிக்கொண்டு பேரூராட்சிக்குப் போனேன்.
எழுத்தர் கணினியைப் பார்த்தார்,
நம்பாமல் பேரேட்டையும் பார்த்தார்.
"பாக்கி ஒண்ணுமில்லையே."
"யாரு கட்டுறது?"
"தேவகோட்டையிலேருந்து ஒரு அம்மா.
ஏப்ரல் பொறந்தா வந்துருவாக."

பெரியப்பா மகள், உமையாள் ஆச்சி.
பெண்பிள்ளைக்குப் புள்ளி இல்லை என்று
எங்கள் கணக்கில் ஏறாதவர்.
தபாலாபீசில் முப்பத்தொரு வருஷம்
ஊரார் கணக்கையெல்லாம் எழுதியவர்.

பிஸ்கட் டப்பாவில் ரசீதுகள்.
நான் தொட்டதும்
ரப்பர் பேண்ட் இற்று விழுந்தது.
"எதுக்கு ஆச்சி இதெல்லாம்?"
காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"வீட்டு நம்பர் போட்டிருக்கும் பாரு, அதுக்குக் கீழ
செலுத்தியவர்னு ஒரு கோடு.
அதுல எம்பேர எழுதித் தருவாக.
அம்புட்டுத்தான்.
வேற எந்தக் காயிதத்துல எழுதுறாக?"

கோபமாகச் சொல்லவில்லை.
சீனி போதுமா என்று கேட்ட அதே குரல்.
"எப்ப விக்கிறிய?"
"தை மாசம் முடிஞ்சிரும்."
"அப்ப ஏப்ரலுக்கு நான் வர வேண்டியதில்ல."
கட்டு முழுவதையும் என் கையில் வைத்தார்,
வக்கீல் கேட்பாரே என்று.
டப்பாவை மட்டும் திருப்பிக் கேட்டார்.

ஒரே ஒரு ரசீதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன்.
பெயர் தெரியும்படி.
எதுவும் எழுதவில்லை.
பதினாறு பேரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது.
ஒரு மணி நேரம் கழித்து ஈப்போ எழுதியது:
வரி கிளியர். குட்.
கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன.

நாளைக் காலை ஆரோக்கியம் ஆளோடு வருகிறார்.
அசல் ரசீதுகள் என் சட்டைப்பையில்.
வக்கீல் கேட்பார். கேட்கட்டும்.
வாரிசுச் சான்றுக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.
பதினேழாவது பெயருக்குப் பிறகு
பேனாவை மூடவில்லை.

விளக்கை அணைக்கப் போகும்போது பார்த்தேன்,
தண்ணீர் பாதிக்கும் கீழே.
நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய
அண்டாவும் ஒழுகுகிறது போல.