இடது பக்கம் பாருங்கள்

கோட்டோர் விரிகுடாவில் நாளுக்கு ஏழு நடை.
வுகோட்டாவின் ஒலிபெருக்கிக்கு ஏழு தரமும் ஒரே தொண்டை:
வலது பக்கம், மாலுமிகள் கல் கல்லாய்ப் போட்டு
எழுப்பிய தீவு.
நேரே, நீர்மூழ்கிக் கப்பலை ஒளித்துவைத்த குகை,
தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.
தேவாலயத்தின் வயது மட்டும்
நடைக்கு நடை ஐம்பது அறுபது கூடும், குறையும்.

இடது பக்கத்தில் அவன் சொல்லாத ஒன்று உண்டு.
மஞ்சள் சன்னல் வீடு, மாடியில் துணிக்கொடி.
சிவப்புத் துண்டு தொங்கினால்
மீன் வாங்கியாயிற்று.
இரண்டு வெள்ளை விரிப்பென்றால்
கடன்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான்,
இன்னொரு சுற்று போய் வா.
தெரியாமல் படமெடுத்துப் போகிறார்கள்
ஜெர்மனிக்கும் கொரியாவுக்கும்
யாகோடாவின் கையெழுத்தை.

இன்று நான்காம் நடை. நல்ல வெயில்.
கொடியில் நான்கு கவ்விகள், வேறொன்றும் இல்லை.
காலையில் டீசல் பாக்கி பற்றி
அவன் ஒரு வார்த்தை அதிகம் பேசியிருந்தான்.

"இடது பக்கம்..." என்று தொடங்கி
இயந்திரத்தை அணைத்தான்.
இருபத்திரண்டு தலைகள் திரும்பின.
வெறுங்கொடியையும் விடாமல் எடுத்தார்கள்.
அலை படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அது என் வீடு. உள்ளே என் மனைவி
கோபமாக இருக்கிறாள்.
இல்லாமலும் இருக்கலாம்."

ஒரு குழந்தைதான் முதலில் கையாட்டியது.
பிறகு தொப்பிகள், கைக்குட்டைகள், ஓர் ஊன்றுகோல்.

மஞ்சள் சன்னல்
படாரென்று சாத்திக்கொண்டது.
மலையில் முட்டி
இருமுறை திரும்பி வந்தது அந்தச் சத்தம்.

வுகோட்டா சிரித்துவிட்டான்.
"இருக்கிறாள்" என்றான், ஒலிபெருக்கி இல்லாமல்,
இயந்திரத்தை முடுக்கியபடி.