முப்பத்தொன்றாம் மரம்

ஒவுலுவில் நவம்பர் என்றால்
மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
நான்காம் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத அறையில்,
கண்ணாடிகளுக்கெல்லாம் பழுப்புத்தாள் ஒட்டி
ஒரு கடலை ஒளித்து வைத்திருந்தோம்.
குப்பை எடுக்க வரும் ஹில்க்கா ஒருநாள் கேட்டாள்:
"உள்ளே என்ன, பிணமா?"
"கடல்" என்றேன்.
அவள் நம்பவில்லை,
ஆகவே அது குற்றமாகவில்லை.

ஏழாண்டாய் எங்கள் விளையாட்டில் கடல் கிடையாது.
காடு உண்டு, சதுப்பு உண்டு,
படகு செய்யும் தச்சன் ஒருவனும் உண்டு.
"இதை எங்கே விடுவது?" என்று
போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்பான்.
டிசம்பர் பன்னிரண்டு, காலை பத்துக்கு
வடக்குச் சுவர் இடியும். கடல் தெரியும்.
"முன்பே சொல்லிவிட்டால் அது வெறும் தண்ணீர்.
சொல்லாமல் இருந்தால்தான் கடல்."
இது தோர்ஸ்தியின் கட்சி.
அவன் மூன்று வருடமாகச் சரியாகத் தூங்காதவன்.

யாரும் கால் நனைக்காத கடலை
நான் எப்படி நம்புவது?
நாற்பதாயிரம் பேர் ஒரே மூச்சில் ஓடிவந்து குதித்தால்
அலை தாங்குமா, சர்வர் தாங்குமா,
குதிரைகளுக்கு நீந்தத் தெரியுமா?
சோதிக்க ஆயிரம் பேர் கேட்டேன்.
முப்பது என்றான்.
மீன்காரியிடம் நிற்பதுபோல் நின்று
முப்பத்தொன்று வாங்கினேன்.
அந்த ஒன்றுக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கையெழுத்து வாங்கினோம்:
பார்த்தவர் பேசக் கூடாது,
பேசுகிறவர் பார்த்திருக்கக் கூடாது.
போதாதென்று நான் ஒரு வேலை செய்தேன்.
கரையோரக் காட்டில், ஒவ்வொருவர் பிரதியிலும்
ஒரே ஒரு பிர்ச் மரத்தை இடம் மாற்றி நட்டேன்.
படம் வெளியே கசிந்தால்
மரம் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.
மரம் நடுவதில் இப்படியும் ஒரு பாவம் இருக்கிறது.

நவம்பர் இருபத்துநாலு, இரவு பதினொன்று.
படம் வந்துவிட்டது.
போனில் பிடித்த திரை, மங்கல்,
ஓரத்தில் காபிக் கோப்பையின் காது.
கீழே யாரோ கேட்டிருந்தார்கள்:
"தண்ணீர் ஏன் நின்றுகொண்டிருக்கிறது?"

பாறைக்கு இடப்புறம், சற்றே சாய்ந்த பிர்ச்.
முப்பத்தொன்று.
கெமியில் இரவெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டும் அல்போ.
தோர்ஸ்தியிடம் பேரம் பேசி வாங்கினேனே, அந்த ஒருவன்.
ஏழாண்டாய் அவனோடு சேர்ந்து ஆடும் ரெயிலாவுக்கு
என் பட்டியலில் இடமில்லை;
அவளுக்கு மட்டும் அனுப்பினானாம்.
முழுப் பூசணிக்காயைச்
சோற்றில் மறைத்தவள் நான்,
அதில் ஒரு கவளத்தை ஊட்டியவன் அவன்.

அவனைக் கிழிக்கப் போனை எடுத்தபோதுதான்
மரத்துக்குப் பின்னால் பார்த்தேன்.
கடல், கரைக்கு மேல் ஒரு முழம்,
சிந்த மறந்து
சுவர்போல் நிமிர்ந்திருந்தது.

எங்கள் மேசைகளில் எல்லாம் புது இயந்திரங்கள்.
பழைய இயந்திரங்களில் மட்டும் நீர் நிமிரும்.
சோதித்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
பதினாறு பேர் பார்த்திருக்கிறார்கள்.
"அதுவும் ரகசியத்தில் சேர்த்தி என்று நினைத்தோம்"
என்றார் துர்க்குவின் பல் வைத்தியர்,
மிகுந்த மரியாதையோடு.

சரிசெய்ய ஒன்பது இரவு பிடித்தது.
"யார் மரம்?" என்றான் தோர்ஸ்தி.
"படம் மங்கல்" என்றேன்.
அவன் என் முகத்தையே பார்த்தான்,
பிறகு காபி போடப் போனான்.

டிசம்பர் பன்னிரண்டு.
சுவர் இடிந்தது. நாற்பதாயிரம் பேர் ஒரு நொடி
ஒன்றும் தட்டச்சு செய்யவில்லை.
அந்த ஒரு நொடி அவனுடையது. கொடுத்துவிட்டேன்.
கடல் கரையில் ஒழுங்காகச் சிந்தியது.
குதிரைகள் மட்டும் நீந்தவில்லை;
அடித்தரையில் அமைதியாக நடந்து போயின,
மேலே தொப்பிகள் மிதக்க.

தச்சனை யாரும் சோதிக்கவில்லை.
இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு,
அலை வந்து வந்து படகை முட்ட,
போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திக்
கேட்டுக்கொண்டிருந்தான்:
"இதை எங்கே விடுவது?"